குட்டியின் வயிற்றிலும் பெரட்டு உண்டு

பசறையிலிருந்து நமுனுகுலவுக்கு ஏறும் பாதையோரத்துத் தோட்டம் ஒன்றில் என் அக்கா இருக்கிறாள். லயத்தின் கோடிக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. போன வருஷம் அந்த லயத்துக்கு இரண்டு நாய்க்குட்டிகள் வந்தன. ஸ்டோருக்குப் பக்கத்து விறகுக் கொட்டிலில், கறுப்பி என்று எல்லோரும் கூப்பிடும் தோட்டத்து நாய் போட்ட ஒரே ஈற்றில் பிறந்தவை. ஒன்றை மூன்றாவது கிழமையே நடுக் காம்பராப் பையன் சட்டைக்குள் ஒளித்துத் தூக்கி வந்து, உரப்பை விரித்து, போத்தலில் பால் கொடுத்து வளர்த்தான். மற்றதை அக்கா எடுத்தது ஒன்பதாவது கிழமை.

அக்காவின் குட்டிக்கு மணி என்று பெயர். வந்து மூன்று கிழமைக்குள் அது கதவைப் பிறாண்டி வெளியே போகக் கேட்டது. நடுக் காம்பராக் குட்டியோ நான்கு மாதமாகியும் பாயில் போனது, சாக்கில் போனது, ஒருநாள் பிள்ளையின் புத்தகப் பையிலும் போனது. லயம் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: இது புத்திசாலி, அது மக்கு. ஒரே தாய், ஒரே பால். தகப்பனும் ஒன்றுதானா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, நாய்களில் ஒரே ஈற்றுக்குள் இரண்டு தகப்பன்மார் இருப்பது நடக்கிற விஷயம். ஆனால் வித்தியாசத்துக்குக் காரணம் தகப்பனிடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

மணியும் முதல் கிழமை சும்மா இருக்கவில்லை. அது செய்த வேலையைப் பற்றி அக்கா என்னிடம் முறையிட்டாள். "வேணுமுன்னே பண்ணுதுடா தம்பி. படுக்கிற எடத்துல ஒரு சொட்டு விடாது. அரிசி மூட்டைக்குப் பின்னாலதான் போவணுமாம் தொரைக்கு."

ஒரு குட்டி பழகுகிறது, கூடப் பிறந்தது பழகவில்லை. பழகிய குட்டியோ தன் படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு எங்கள் அரிசி மூட்டையை நாசமாக்குகிறது. இரண்டுக்கும் விடை குட்டி பிறந்த முதல் நாளில் தொடங்குகிறது.

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. தாய் நாக்கால் அதன் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் நக்கினால்தான் வெளியே வரும். மருத்துவர் முழங்காலில் தட்டியதும் கால் தானே உதைக்கிறதே, அந்த வகைச் செயல் இது. மூளையிடம் அனுமதி கேட்காமல் முள்ளந்தண்டோடு முடிந்துபோகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைத் தெறிவினை என்று படித்திருப்போம். தூண்டி தாயின் நாக்கு, துலங்கல் குட்டியின் சிறுநீர். வருவதைத் தாய் விழுங்கிவிடுவாள். அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் நடமாட முடியாத ஐந்தாறு குட்டிகள் கிடக்கும் பொந்து நனையாமலும் நாறாமலும் இருப்பது இதனால்தான். தாயை இழந்த குட்டியை வளர்ப்பவர்கள் பால் கொடுத்தபின் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுவதும் இதற்காகவே. அது தெரியாமல் பாலை மட்டும் ஊட்டினால் குட்டி வயிறு வீங்கிக் கஷ்டப்படும்.

மூன்றாவது கிழமையளவில் நிலைமை மாறுகிறது. கண் திறந்துவிட்டது, காதும் திறக்கிறது, கால் தள்ளாடியாவது நடக்கிறது. குட்டி தானாகக் கழிக்கத் தொடங்குகிறது. அதற்காகப் படுக்கையிலிருந்து நாலு அடி தள்ளிப் போகிறது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து சுத்தமான படுக்கையில் கிடந்த குட்டிக்கு, படுக்கை என்றால் சுத்தம் என்பது உடம்போடு ஊறிவிட்டிருக்கிறது.

இதைக் கிழமை கிழமையாகப் பார்த்து எழுதிவைத்தவர்கள் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரிலிருந்த ஜோன் போல் ஸ்கொட்டும் ஜோன் புல்லரும். ஐந்து சாதி நாய்களை வைத்து 13 ஆண்டுகள் வேலை செய்து, 1965-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். மூன்றாவது கிழமையில் படுக்கையை விட்டு விலகத் தொடங்கும் குட்டி, எட்டரைக் கிழமையளவில் குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்து அங்கேயே திரும்பத் திரும்பப் போகிறது என்று கண்டார்கள். இடைப்பட்ட ஐந்து, ஐந்தரைக் கிழமைதான் விஷயமே. அந்தக் காலத்தில் உள்ளங்காலில் எந்தத் தரை படுகிறதோ, அதைத்தான் பிறகு கால் தேடும். தரை விருப்பம் என்று வைத்துக்கொள்வோமே.

நடுக் காம்பராக் குட்டிக்கு அந்த ஐந்து கிழமையும் உரப்பைதான் உலகம். படுத்ததும் அதிலே, போனதும் அதிலே. வேறு போக்கு இல்லை. அதன் கால் கற்ற பாடம் இதுதான்: நெய்த துணிபோலக் காலில் தட்டுப்பட்டால் அது கக்கூஸ். பாய், சாக்கு, புத்தகப் பை எல்லாம் அதன் கணக்கில் ஒரே சாதி. புல்லில் கொண்டுபோய் விட்டால் சும்மா மோந்து பார்த்துவிட்டு, உள்ளே ஓடிவந்து பாயில் போகும். மக்குக் குட்டி இல்லை அது, படித்ததை மறக்காத குட்டி. மணிக்கோ விறகுக் கொட்டிலின் மண்ணும் மரத்தூளும் சருகும் வாய்த்தன. கறுப்பி நக்கிச் சுத்தம் செய்த படுக்கையும் கிடைத்தது. பாதிப் பாடத்தைத் தாயே முடித்து அனுப்பியிருந்தாள்.

அப்படியானால் அரிசி மூட்டை?

குட்டிக்குப் 'படுக்கை' என்பது எவ்வளவு பெரியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேர் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்த காலம் எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது இடுக்கு. இரண்டு கிலோ எடையுள்ள மணிக்கு அது மைதானம். அதன் கணக்கில் வீடு என்பது தான் சுருண்டு கிடக்கும் பெட்டியும் சுற்றி இரண்டடியும்தான். அரிசி மூட்டைக்குப் பின்புறம் அதற்குச் சுத்தமான வெளியூர். குட்டி விதியை மீறவில்லை. எங்கள் எல்லைக்கோடு ஒரு இடத்தில், அதன் எல்லைக்கோடு வேறு இடத்தில்.

பரிகாரம் இதிலிருந்தே வருகிறது. முதலில் குட்டியின் உலகைச் சுருக்கி, பிறகு மெல்ல மெல்லப் பெருக்க வேண்டும். அக்கா வீட்டுப் பரணில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. இப்போது தேயிலை கடதாசிப் பையில் போகிறது, அந்தப் பெட்டிகள் பழைய லயங்களில் மட்டும் மிச்சம். ஈயத்தாளை உரித்தெடுத்து, விளிம்பைத் தேய்த்து, பக்கவாட்டில் சாய்த்து, வாசலில் ஒரு பலகை வைத்ததும் மணிக்கு அறை தயார். யாரும் கண் வைக்க முடியாத நேரத்தில் பெட்டிக்குள், வெளியே போய்வந்த பிறகு காம்பராவுக்குள். மாதக்கணக்கில் சுத்தமாக இருந்தபின் வீடு முழுக்க. பெட்டி சிறைச்சாலையாகிவிடக் கூடாது. அடக்க முடியாத நேரம்வரை உள்ளே பூட்டிவைத்தால் குட்டி படுக்கையிலேயே போய்விடும். ஒருமுறை அப்படி நேர்ந்து பழகினால் தாய் கொடுத்த பாதிப் பாடமும் அழிந்துவிடும்.

எவ்வளவு நேரம் அடக்க முடியும்? சிறுநீர்ப்பையை லயத்துத் தண்ணீர்த் தாங்கிபோல நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு திருகு பைப்பு. உள்ளே இருப்பது தானாகத் திறப்பது, வெளியே இருப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. தாங்கி நிறைந்து சுவர் இழுபடும்போது நரம்புகள் தந்தி அடிக்கின்றன. மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு மையம் 'திற' என்று உத்தரவு போடுகிறது. பிரித்தானிய அறுவை மருத்துவர் பரிங்டன் 1925-இல் பூனைகளில் இந்த மையத்தை அடையாளம் கண்டார். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். அந்த மையத்துக்கு மேலே உட்கார்ந்து 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் பெரிய மூளை குட்டியில் இன்னும் முதிரவில்லை. வெளித் திருகைப் பிடிக்கும் தசையும் முதிரவில்லை. ஆகவே 'வேணுமுன்னே' என்ற பேச்சுக்கே இடமில்லை. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் பகலில் அத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பது நாய் வளர்ப்பவர்களின் குத்துமதிப்பு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம், அதுவும் தூங்கினால். விளையாடினால் அரை மணித்தியாலமும் தாங்காது.

சிறுநீர் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் பெரும்பாலும், யானையானாலும் நாயானாலும், சிறுநீர்ப்பையைக் காலி செய்ய ஏறக்குறைய 21 செக்கன்தான் எடுக்கின்றன என்று 2014-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஓர் ஆய்வுக் குழு அளந்து சொன்னது. பெரிய விலங்கின் குழாய் நீளமானது, அதனால் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. மூன்று கிலோவுக்குக் குறைந்தவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, சொட்டுச் சொட்டாக விரைவில் முடிந்துவிடும். மணி அப்போது இந்தப் பட்டியலில் சேரவே இல்லை.

சிறுநீர் குட்டியின் கட்டுப்பாட்டில் இல்லை, எங்கள் கட்டுப்பாட்டிலும் முழுக்க இல்லை. தண்ணீரை ஒளித்துவைத்துக் குட்டியைக் காயப்போடுவது ஆபத்து, ஆவணியில் ஊவாக் காற்று வரட்டியடிக்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம். ஆனால் மலம் வேறு. அதன் நேரம் பெரும்பாலும் எங்கள் கையில் இருக்கிறது, ஏனென்றால் சோற்றுத் தட்டு எங்கள் கையில்.

கொழுந்து லொறி ஸ்டோருக்கு வந்ததும் என்ன நடக்கும்? மேலே வாட்டும் மாடியில் புதுக் கொழுந்து கொட்ட இடம் வேண்டும். ஏற்கனவே வாடிக் கிடப்பது கீழே ரோலருக்கு இறங்க வேண்டும். மேலே சரக்கு வந்த செய்தியே கீழே இருப்பதை நகர்த்துகிறது. வயிறும் குடலும் இப்படித்தான். இரைப்பை நிறைந்து இழுபட்டதும் பெருங்குடலுக்குச் செய்தி போகிறது. அது பெரிய அலையாகச் சுருங்கி, கடைசிப் பகுதியில் இருப்பதை வாசலுக்குத் தள்ளுகிறது. இரைப்பை–பெருங்குடல் தெறிவினை என்று இதைச் சொல்லலாம். காலையில் தேத்தண்ணி குடித்ததும் வரிசையில் முண்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது அனுபவம். 'இப்ப தின்னது இப்பவே வந்திருச்சு' என்று அக்கா சொன்னது சரியில்லை. வந்தது பழைய சரக்கு. புதுச் சரக்கு இன்னும் வாட்டும் மாடியில்தான். குட்டிகளில் இந்தத் தெறிவினை மிகக் கூர்மை, சாப்பிட்டு ஐந்து நிமிஷம் முதல் அரை மணித்தியாலத்துக்குள் காரியம் நடந்துவிடும். தூங்கி எழுந்த கையோடும், ஓடி விளையாடிய உடனும் இதே கதைதான்.

ஆக, தட்டு ஒரு நேரத்தில் வந்தால் மலமும் ஒரு நேரத்தில் வரும். தட்டு நாள் முழுக்க இஸ்தோப்பில் கிடந்து குட்டி நினைத்தபோதெல்லாம் ஒரு வாய் நக்கினால், காகமும் எறும்பும் பங்குக்கு வருவது ஒருபுறம், வயிறு எப்போது வேலை செய்யும் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

இது தெறிவினை மட்டும் என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். இதன் அடியில் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. அதை நான் முதலில் பார்த்தது 1996-இல். மழையில்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் மின்வெட்டு நடந்த வருஷம். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மே மாதக் கடைசியில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அப்பாயி வளர்த்த டொமிக்குச் சாப்பாடு எப்போதும் அந்திக் கொழுந்து நிறுத்து எல்லோரும் லயம் திரும்பிய பிறகு. அரை மணித்தியாலம் முன்பே டொமி இஸ்தோப்புப் படியில் வந்து உட்கார்ந்துவிடும். கடிகாரம் மாறிய முதல் நாள் தட்டு வந்தது, டொமியைக் காணோம். அப்பாயி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. சில நாட்களில் அது புது நேரத்துக்கு வந்துவிட்டது. ஒக்டோபரில் அரசாங்கம் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்போது டொமி வெறும் தட்டின் முன் கூடுதலாக அரை மணித்தியாலம் குந்தியிருந்தது. அரசாங்க உத்தரவு நாய்க்குப் புரியவில்லை என்று தாத்தா சிரித்தார்.

டொமிக்கு நேரம் தெரிந்ததா, இல்லை காலடிச் சத்தம், அடுப்புப் புகை, வெயில் சாய்வு இவற்றை வைத்து ஊகித்ததா? லயத்தில் இருந்துகொண்டு இதற்கு விடை காண முடியாது. இதற்குத்தான் ஆய்வுகூடம். பவ்லோவின் நாய்களை எல்லோருக்கும் தெரியும், மணி அடித்ததும் எச்சில் ஊறிய நாய்கள். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய கூடத்தில் மணியே இல்லாமல் ஒரு சோதனை நடந்தது, அது அவ்வளவு பிரபலமாகவில்லை. முப்பது நிமிஷத்துக்கு ஒருமுறை நாய்க்குச் சாப்பாடு கொடுத்துவந்தார்கள். பிறகு ஒருமுறை கொடுக்காமல் விட்டார்கள். முப்பதாவது நிமிஷம் நெருங்கியதும் எச்சில் ஊறியது. சத்தம் இல்லை, வாசனை இல்லை. கழிந்த நேரமே தூண்டி.

நாள் முழுதும் ஓடும் கடிகாரத்துக்குச் சாட்சி எலிகளிடம் கிடைத்தது. அமெரிக்காவில் கேர்ட் ரிக்டர் 1922-இல், நாளுக்கு ஒருமுறை மட்டும் உணவு பெற்ற எலிகள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஓடத் தொடங்குவதைப் பதிவு செய்தார். வெறும் பசிதான் என்று சொல்லலாம். ஆனால் ஒருநாள் உணவே வைக்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு ஓட்டம் ஏறி, நேரம் தாண்டியதும் இறங்குகிறது. பசியாக இருந்தால் ஏறிக்கொண்டே அல்லவா போக வேண்டும்? மேலும், 24 மணித்தியாலத்தை ஒட்டிய இடைவெளிக்குத்தான் இந்த எதிர்பார்ப்பு உண்டாகிறது. பசிக்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? கடிகாரத்துக்குத்தான் உண்டு.

மூளையில், இரு கண்ணின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. 1979-இல் எலிகளில் அதை அழித்துப் பார்த்தார்கள். தூக்கம் விழிப்பு எல்லாம் சீர்குலைந்தது. சாப்பாட்டு நேர எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதாவது உணவுக்கு என்று தனிக் கடிகாரம். அது மூளையில் எந்த மூலையில் என்று இன்னும் தேடுகிறார்கள். 2000-இல் ஜெனீவாவில் உவெலி ஷிப்லரின் குழு இன்னொன்றைக் காட்டியது. இரவில் மேயும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தபோது, தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தோடு நின்றது. ஈரலின் கலங்களுக்குள் ஓடும் கடிகாரமோ மெல்லத் திரும்பி உணவு நேரத்தோடு சேர்ந்துகொண்டது.

தோட்டத்துக்காரருக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும். ஸ்டோர்ச் சங்கு ஒன்றுதான், தோட்டம் முழுக்கக் கேட்கும். ஆனால் எந்த டிவிஷன் எந்த மலையில் எப்போது இறங்கும் என்பது அங்கங்கே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது முடிவாகிறது. சூரியன்தான் சங்கு. ஈரலுக்கும் குடலுக்கும் தட்டுதான் பெரட்டு. சுண்டெலியில் கண்டதை நாய்க்கு அப்படியே தூக்கி வைப்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. ஆனாலும் டொமியை நினைத்தால் நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

அக்கா மணிக்கு வைத்த நேரம் தோட்டத்து நேரத்தையே பின்பற்றியது. காலை பெரட்டுக்கு முன் ஒருமுறை. அவள் மலைக்குப் போனபின், நடுப்பகலில் மாமியார் ஒருமுறை. கொழுந்து நிறுத்து வந்ததும் ஒருமுறை. ஏழரைக்குச் சிறிதாக ஒன்று. தட்டை வைத்து இருபது நிமிஷத்தில் எடுத்துவிடுவாள், மிச்சம் இருந்தாலும். எடுத்த கையோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் உள்ள ஒரே இடத்துக்கு. மூன்று மாதத்துக்கு மேல் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை என்று குறைத்துக்கொள்ளலாம். பெய்யும் வாடைமழையில் மணி படியைத் தாண்ட மறுத்த நாட்களில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். லயம் சிரித்தது.

தட்டில் என்ன? காலையில் சுட்ட ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தது, பகலில் சோறு. நாய் மாமிசம் தின்னும் சாதியாயிற்றே, இது தாங்குமா? தாங்கும். 2013-இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் எரிக் அக்செல்சன் குழுவினர் நாயின் மரபணுத் தொகுதியை ஓநாயோடு ஒப்பிட்டார்கள். மாப்பொருளை உடைக்கும் அமிலேசு நொதியத்துக்கான மரபணுவில் ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்களில் நான்கு முதல் முப்பது வரை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கியதும் அவன் எச்சில் சோற்றைத் தின்று பிழைத்த நாய்களின் வாரிசுதான் எங்கள் தோட்டத்து நாய். ஆனால் வளரும் குட்டிக்கு ரொட்டி மட்டும் போதாது. அவித்த முட்டை, முள் எடுத்த மீன், கோழி ஈரல் ஏதாவது சேர வேண்டும். வீட்டுக் கறிச் சாற்றைச் சோற்றில் ஊற்றுவதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய பிழை. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு இரத்தக் கலங்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். தேயிலைச் சக்கையைக் கொட்டும் இடத்தில் குட்டியை மேயவிடக் கூடாது, தேயிலையிலுள்ள கபீன் நாய்க்கு நஞ்சு.

இனி அடி உதை. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஈரத்தைக் கண்ட அத்தான், மணியின் மூக்கை அதில் தேய்க்கப் போனார். பழைய வழக்கம், எல்லா ஊரிலும் உண்டு. ஒரு செயலையும் அதன் விளைவையும் நாய் சேர்த்துப் பார்ப்பது இரண்டும் சில செக்கனுக்குள் நடந்தால்தான். மணி போனது பதினொரு மணிக்கு, அத்தான் வந்தது ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கு அது கற்பது ஒன்றுதான்: அத்தானும் ஈரமும் சேர்ந்து இருந்தால் ஆபத்து. அதன்பிறகு அத்தான் பார்க்காத இடமாகத் தேடும்.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது மச்சான், மூஞ்சப் பாருங்க" என்றார். காதைத் தொங்கப்போட்டு, கண்ணைத் திருப்பி, வாலை ஒடுக்கிய அந்த முகத்தை நியூயோர்க்கில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் சோதித்தார். பதினான்கு நாய்கள். சொந்தக்காரர் பிஸ்கட்டைக் காட்டி 'தொடாதே' என்று சொல்லிவிட்டு வெளியே போவார். சிலவேளை நாய் தின்னும், சிலவேளை ஆய்வாளரே பிஸ்கட்டை எடுத்துவிடுவார். திரும்பிவரும் சொந்தக்காரரிடம் நடந்தது என்ன என்று உண்மையும் சொன்னார்கள், பொய்யும் சொன்னார்கள். குற்ற முகம் வந்தது தின்ற நாய்க்கு அல்ல, திட்டு வாங்கிய நாய்க்கு. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களில் அது கூடுதலாகவே தெரிந்தது. அத்தான் அன்று பார்த்தது தன் கோபத்தின் நிழலைத்தான். நான் அதைச் சொல்லவில்லை, மச்சான் முறை.

பாராட்டுக்கும் இதே செக்கன் கணக்குத்தான். வெளியே போய் முடித்த அந்த இடத்திலேயே, முடித்த அந்தக் கணத்திலேயே ஒரு துண்டு கருவாடோ ஈரலோ. ஆசிரியர் பயிற்சியில் மீளவலியுறுத்தல் என்று சொல்லித்தரும் அதே சங்கதி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் குட்டி கற்பது 'உள்ளே ஓடிவந்தால் கருவாடு' என்பதை. பலர் தவறுவது இங்கேதான், அக்காவும் முதல் ஐந்து நாள் தவறினாள்.

உள்ளே போய்விட்டால் நனைந்ததைத் துணியால் ஒற்றி எடுத்து, நொதியம் கலந்த சலவைத் தூளால் கழுவுவது நல்லது. நம் மூக்கில் மோப்பக் கலங்கள் சில மில்லியன், நாய்க்கு நூறு மில்லியனுக்கு மேல். நமக்குப் போன வாசனை அதற்குப் பெயர்ப் பலகைபோல நிற்கும். அமோனியா கலந்த திரவம் வேண்டாம், சிறுநீர் அழுகினால் வருவதும் அமோனியாதான், இன்னொரு நாய் வந்து போனதாக அது நினைக்கும்.

வெளியே போனதை என்ன செய்வது என்பது லயத்தில் சின்ன விஷயம் இல்லை. வட்டப்புழு குட்டியைத் தாயின் வயிற்றிலேயே தொற்றிக்கொள்கிறது. மலத்தோடு விழும் முட்டை உடனே தொற்றாது, மண்ணில் சில கிழமை கிடந்து முதிர வேண்டும். அன்றன்றே அள்ளிக் குழியில் போட்டால் பிள்ளைகள் தப்புவார்கள். கொக்கிப்புழு இன்னும் அவசரக்காரன். நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும் ஒரு கொக்கிப்புழுவை 1911-இல் லூஸ் என்ற அறிஞர் விவரித்தார். இலங்கையின் மரநாய் ஒன்றிலிருந்து கிடைத்ததால் அதன் பெயரிலேயே எங்கள் தீவு ஒட்டிக்கொண்டது: அன்கைலொஸ்டோமா சிலானிகம். மனிதக் கொக்கிப்புழுவோ எங்கள் பாட்டன்மார் இரத்தத்தைக் குடித்தது. 1916-இல் ரொக்பெல்லர் நிதியம் இலங்கையில் தொடங்கிய ஒழிப்பு இயக்கத்துக்குத் தோட்டங்களே முக்கியக் களம். மாத்திரை கொடுத்தார்கள், புழு போனது, திரும்ப வந்தது. கக்கூஸ் கட்டக் காசு செலவழிக்கத் தோட்டச் சொந்தக்காரர்கள் தயங்கினார்கள். போக இடமில்லாத மனிதரை அசுத்தமானவர்கள் என்று எழுதி வைத்தார்கள். நடுக் காம்பராக் குட்டியை மக்கு என்று சொன்னபோது எனக்கு அது ஞாபகம் வந்தது.

அந்தக் குட்டியும் பழகியது, கொஞ்சம் தாமதமாக. பையனிடம் சொல்லி, உரப்பைத் துண்டு ஒன்றைப் பின்பக்கத்துப் புல்லில் விரிக்கச் சொன்னோம். குட்டி அங்கே போனது. கிழமைக்கு ஒருமுறை துண்டைக் கத்தரித்துச் சிறிதாக்கினான். ஏழாவது கிழமை உள்ளங்கையளவு துண்டுதான் இருந்தது. ஒரு மழையில் அதுவும் அடித்துக்கொண்டு போய்விட்டது, குட்டி புல்லிலேயே போனது.

மணிக்கு இப்போது ஒரு வயது. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, சங்கு இல்லை, அக்கா ஏழு மணிவரை படுக்க ஆசைப்படுகிறாள். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவில் பிறாண்டல் கேட்கிறது. "ஞாயித்துக்கெழம லீவுன்னு அதுக்கு எப்புடிச் சொல்றது?" என்று என்னைக் கேட்கிறாள். கம்பளியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அத்தான் திரும்பிப் படுக்கிறார். எழுந்துபோய்க் கதவைத் திறப்பது அவள்தான்.